பதிவேட்டில் ஏறாத சொல்

பினாங்கு, லைட் ஸ்திரீட் கோர்ட்டு.
மூன்றாம் எண் அறை, ஏர்கோன் பதினெட்டில்.
சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில்
எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.
உட்கார்ந்ததில்லை.
இரண்டு வாய்களுக்கு நடுவில் நிற்பது என் உத்தியோகம்,
பத்தொன்பது வருஷமாக.

அன்றைக்குக் கூண்டில் தேவகுஞ்சரி.
ஜெலுத்தோங் சூப்பர்மார்க்கெட்டில் தரை துடைக்கிறவள்.
கல்லாவில் குறைந்தது மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
அவள் பையில் இருந்ததும்
மூவாயிரத்து இருநூறு வெள்ளி.

"கூட்டு எடுத்த காசுங்க.
எட்டுப் பேரு, ஆளுக்கு நானூறு.
இந்த மாசம் என் முறை."
பெயர்களையும் சொன்னாள்.
ஒன்றும் சிந்தாமல் ஆங்கிலத்தில் ஊற்றினேன்.

புவான் ரொஹாயா கண்ணாடியைக் கழற்றினார்.
பேனா மூடியைத் திருகிக்கொண்டே
யாரையும் பார்க்காமல் சொன்னார்:
ஐ ஆம் டியூபியஸ்.

தேவகுஞ்சரி என் உதட்டைப் பார்க்கிறாள்.

'சந்தேகப்படுகிறேன்' என்றால்
அது போலீஸ்காரன் பாஷை.
'நம்பவில்லை' என்றால் எல்லாம் முடிந்தது;
புவான் இன்னும் கதவைச் சாத்தவில்லை,
தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.
'ஐயுறுகிறேன்' பரீட்சைத் தாளுக்கு வெளியே மூச்சு விடாது.

பாசாரில் மீன் செவுளைத் தூக்கிப் பார்த்து
வாங்காமலும் வைக்காமலும் நிற்போமே,
அந்த நிற்பு.
அதற்கு நம்மிடம் ஒரு 'ம்ம்ம்' இருக்கிறது.
'ம்ம்ம்' என்று மொழிபெயர்த்தால்
அரசாங்கம் சம்பளம் போடாது.

"அம்மாவுக்கு மனசு ஒப்பலை" என்றேன்.

கூண்டுக் கட்டையை நகத்தால் கீறினாள்.
"எது ஒப்பலையாம்?
நானா, காசா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
பாழாய்ப்போன அந்தச் சொல்லுக்கு
முன்னாலும் வாசல், பின்னாலும் வாசல்.
சந்தேகப்படுகிறவரும் டியூபியஸ்.
சந்தேகத்தில் சிக்கியவளும் டியூபியஸ்.
செவுளைத் தூக்கிய விரலுக்கும்
வாய் பிளந்து கிடக்கும் மீனுக்கும்
ஒரே பெயர்.
புவான் 'நான்' என்று ஆரம்பித்ததால்
சொல் மேசைக்கு மேலே நின்றது.
'அவள்' என்று ஆரம்பித்திருந்தால்
அதே சொல் படியிறங்கி
கூண்டுக்குள் ஏறியிருக்கும்.

நான் போட்ட தமிழ் மட்டும் என்ன வாழ்ந்தது?
மனசு யாருடையது என்று சொன்னது,
எதற்கு ஒப்பவில்லை என்று சொல்லவில்லை.

விளக்கம் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
கேள்வியைக் கேள்வியாகவே மேலே அனுப்பினேன்.
அவளாகப் பேசும்போது
'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், விதி அது.
"நானா, காசா" என்று
என் வாய் ஆங்கிலத்தில் கேட்டபோது
காது மடல் சுட்டது.
எதையோ நானே எடுத்த மாதிரி.

புவான் ரொஹாயா முதல்முறையாக என்னைப் பார்த்தார்.
பிறகு என்னைத் தாண்டி, அவளை.
வெகுநேரம்.
கூட்டுக் கட்டுகிறவர்களைக் கூட்டிவரச் சொல்லி
பதினாலாம் தேதிக்குத் தள்ளி வைத்தார்.
கேட்டதற்குப் பதில் சொன்னதாக
எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் பட்டர்வொர்த் ஃபெரியில்
பலகையில் இடம் கிடைத்தது, உட்கார்ந்தேன்.
மழை பக்கவாட்டில் அடித்தது.
விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன்:
இந்திராணி, லைஹோங், மாரிக்கண்ணு,
சரோஜா, சித்தி மைமூன், பூங்கோதை,
இந்திராணி.
அவளோடு எட்டு.

இந்திராணி இரண்டு தடவை.
யாரும் கவனிக்கவில்லை.
நானும் நிறுத்தவில்லை;
நிறுத்துவது என் வேலையில்லை.
ஜெலுத்தோங்கில் இரண்டு இந்திராணிகள் இருக்கக்கூடாதா?
இருபது பேர் இருப்பார்கள்.

மடக்கிய விரலை
விரித்தேன்.
மறுபடியும் மடக்கினேன்.